சிறகு குறைந்த தேனீ

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, சந்தை நாளையும் விட்டுவிட்டு நம் மலையின் எடப்புளி நாட்டு ஊர்களிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். இந்தப் பாராட்டு விழாவின் முதல் வரிசையில் மாலையோடு அமர்ந்திருக்கும் பழங்கால நாணயச் சங்கத் தலைவர் வேல்முருகன் அவர்களே, உங்களுக்கும் வணக்கம்.

நான் மேடையில் பேசிப் பழகியவள் அல்ல. நம் தலைமையாசிரியர் பூபதி ஐயாவின் பள்ளியில் வரலாறு கற்பிப்பவள். இன்று பேசாமல் இருக்க முடியவில்லை.

பெருமாயி அக்கா மரவள்ளி பிடுங்கிய குழியில் ஒரு வெள்ளிக்காசு கிடைத்தது. ஒரு பக்கம் தேனீ, மறுபக்கம் மான். எபேசு என்ற பழைய கிரேக்க நகரத்தின் காசு. "கடல் தாண்டி நம்ம மலைத் தேனுக்கு வந்திருக்குதுங்க பாருங்க!" என்று ஐயா துள்ளினாரே, மறக்க முடியுமா? பிள்ளைகள் கை பட்டுத் தேய்ந்துவிடக் கூடாதென்று, தேன்மெழுகில் அச்செடுத்து வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்தார். அரசிடம் ஒப்படைக்கும் முன் உறுதி செய்துகொள்ளக் காசை வேல்முருகன் அவர்களிடம் கொடுத்தார்.

திரும்பி வந்தது போலி! மெழுகு அச்சோடு அது ஒத்துப்போகவில்லை. மாற்றியது யார்? ஊர் யாரைக் கேட்டது? ஐயாவைத்தான். "வாங்க சார், இன்னைக்கு எந்தப் பூச்சிய மாத்தப் போறீங்க?" என்றது செம்மேட்டு டீக்கடை. பெருமாயி அக்காவும் கேட்டார்: "ஏனுங்க சார், எங்க தேனீய என்னங்க பண்ணுனீங்க?" அன்றிலிருந்து ஐயாவுக்குச் சோறு இறங்கவில்லை. சென்ற மாதம் இதயம் நின்றுவிட்டது.

அடுத்த வாரமே சங்கத்தின் இதழ் வந்தது. அட்டையில் தேனீக்காசு! "வேல்முருகன் குடும்பச் சேகரிப்பு" என்று கீழே பெருமை வேறு! கிரேக்கர்கள் காசைக் கையால், சுத்தியலால் அடித்தார்கள். ஒன்றுபோல் இன்னொன்று விழாது. எங்கள் காசில் தேனீ ஓரமாக விழுந்திருந்தது. ஒரு சிறகின் நுனி அதற்கு இல்லை. அட்டையிலிருக்கும் தேனீக்கும் இல்லை! அடையாளம் சொல்லக்கூடியவர் கண்மூடட்டும் என்று காத்திருந்தீர்களா? மலைப் பிள்ளைகள் மெழுகையெல்லாம் உருக்கித் தொலைத்திருப்பார்கள் என்று நினைத்தீர்களா?

அந்த அச்சுகளை இன்று காலை காவல் நிலையத்தில் ஒப்படைத்துப் புகார் கொடுத்துவிட்டோம். "என்ற வாயாலயே அந்த நல்ல மனுசனக் கேட்டுப்போட்டேன் கண்ணு. அந்தாள மட்டும் உட்றாத" என்று அழுதார் பெருமாயி அக்கா.

விடமாட்டேன், அக்கா. பூபதி ஐயாவின் பெயரில் ஒட்டிய பழியைப் பிய்த்து, உரியவர் நெற்றியில் ஒட்டும்வரை ஓயமாட்டேன். காசு இந்த மலைக்குத் திரும்பும். அதன் கீழே ஐயாவின் பெயர் இருக்கும். இது என் உறுதிமொழி.

ஐயா இருந்திருந்தால் உங்களை மன்னித்திருப்பார், வேல்முருகன் அவர்களே. மன்னிக்கக்கூடிய அந்த ஒரே மனிதரும் போய்விட்டார். இனி இருப்பது நாங்கள்.