மஞ்சளாகிப்போன டார்ச்

“...வாங்கும்போது பால் மாதிரி வெள்ளையா எரிஞ்ச டார்ச் லைட்டு, அக்கா, நாலு மாசத்துல மஞ்சளாப் போச்சு. எல்.இ.டி. நாளாக நாளாக நிறம் மாறும் போலன்னு நெனச்சேன்.”

தாயில்பட்டியிலிருந்து சிவகாசி செல்லும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் இருவர் இருந்தார்கள். இதைச் சொன்னவள் இளையவள்.

“கடைக்காரர்ட்ட கேட்டியா?” என்றாள் மூத்தவள்.

“கேக்கவா செஞ்சேன்? ‘ஏமாத்துறீகளா’ன்னு பத்துப் பேரு முன்னால கத்திட்டேன். மனுசன் உடனே புதுசு எடுத்துக் குடுத்துட்டாரு.”

“பெறகென்னடி?”

“நேத்து அந்தப் புதுசும் மஞ்சளா எரிஞ்சது. முந்தானையால கண்ணாடியத் தொடச்சேன். அம்புட்டும் கந்தகத்தூளு! வேலைக்குக் கட்டுற சேலைக்குள்ளதானக்கா டார்ச்சச் சுருட்டி வைக்கேன்.”

மூத்தவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “லைட்டுக்கே மஞ்சப் பூசிக் குளிப்பாட்டிருக்கியேடி! அடுத்த ஸ்டாப்புதான கடை? எறங்கி ஒரு வார்த்தை சொல்லிட்டு வா.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக்கா?”

பேருந்து நின்றது. கடைக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். அவள் செருப்பைச் சரிசெய்பவள்போலக் குனிந்துகொண்டாள். “கடை தாண்டிருச்சுடி” என்று மூத்தவள் முதுகில் தட்டிய பிறகும் அவள் நிமிரவில்லை.