மூடிய பெட்டிக்குள் போன பவர் பேங்க்

அவையை அன்பால் ஆளும் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருந்தகை விஸ்வலிங்கம் ஐயா அவர்களே! மேடையை அலங்கரிக்கும் புந்தோங் வட்டாரத்துப் பெரியோர்களே! கொளுத்தும் வெயிலில் குடை பிடித்து வந்து முன்வரிசையை முதலில் நிரப்பிய தாய்மார்களே! பின்னால் சுவரோரம் நின்று, இந்த மண்டபத்தின் மின்சாரத்தைத் தங்கள் கைப்பேசிக்கு உறிஞ்சிக்கொண்டிருக்கும் இளஞ்சிங்கங்களே! கைப்பேசிக் கடைக்காரன் உடையப்பனின் பணிவான வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியதாகுக.

"எந்தப் பவர் பேங்க் வாங்கலாம்?" இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பது தலைவரின் கட்டளை. மணியை இப்போதே கையில் எடுத்துவிட்டார், பாருங்கள்!

பவர் பேங்க் வாங்கும்போது எதைப் பார்க்கிறோம்? பளபளப்பைப் பார்க்கிறோம். பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்க்கிறோம். பத்தாயிரம் மில்லியாம்பியர் என்று போட்டிருந்தால் பத்தாயிரமும் கைப்பேசிக்குப் போகும் என்று நம்புகிறோம். போகாது, பெருமக்களே! நல்ல பொருளாக இருந்தாலே ஆறாயிரத்துச் சொச்சம்தான் போய்ச் சேரும். மீதி சூடாகவும் சேதாரமாகவும் வழியிலேயே கரைந்துவிடும்.

என்ன கேட்டீங்க அக்கா? கனமா இருந்தா நல்லதா? அங்கேதான் ஏமாறுகிறோம்! கையில் தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கிறதே என்று மகிழ்ந்து வாங்கிய ஒன்றை என் கடை மேசையில் வைத்துப் பிளந்திருக்கிறேன். உள்ளே என்ன இருந்தது? சுண்டுவிரல் அளவில் ஒரு பேட்டரி. மற்றதெல்லாம் மணல். பொட்டலம் கட்டிய மணல்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த மணல் பொட்டலம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொன்னால் சிரிப்பு நின்றுவிடும்.

மூன்று மாதங்களுக்கு முன்பு பக்கத்து ஊரான லகாட்டில் பத்துமலை என்னும் பெரியவர் காலமானார். தாப்பா பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட பிறகு லகாட்டுக்கு வந்து சேர்ந்தவர். மனைவி முத்தம்மா. ஒரே மகன் தனேஸ்வரன், சரவாக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. அந்த வேலைக்குப் போக வேண்டாம் என்று தடுத்தார் தந்தை. மீறிப் போனான் மகன். "போறியா? போ. நான் செத்தாலும் வராதே!" என்றார். அன்றோடு அறுந்தது பேச்சு. ஆறு ஆண்டுகள், அன்பர்களே, ஆறு ஆண்டுகள்!

அப்பா இறந்த அன்று அவன் வரத் துடித்தான். கடலில் புயல். ஹெலிகாப்டர் எழும்பவில்லை. தந்தை வாய் தவறிச் சொன்ன சொல்லை வானம் பிடித்துக்கொண்டது. குடும்பத்தோடு பழகிய எனக்கு அழைத்தான். "அண்ணே, வீடியோ கால்ல அப்பா மொகத்தக் காட்டுங்கண்ணே. கடைசி வரைக்கும் போன வச்சிராதீங்கண்ணே" என்று அழுதான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் கைப்பேசியில் காட்டத் தொடங்கினேன். கைப்பேசிக்குச் சார்ஜ் குறைந்ததும் உறவினர் ஒருவர் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய பவர் பேங்கை நீட்டினார். கனமான பொருள்தான்; நான் பிறகு பிளந்து பார்த்த மணல் பொட்டலம் அதுதான். இருபது நிமிடத்தில் கை சுட்டது. ஓரம் உப்பியது. பிடுங்கி எறிந்துவிட்டு, என் பையிலிருந்த இருபதாயிரம் மில்லியாம்பியர் பவர் பேங்கை மாட்டினேன். நான் சோதித்துப் பார்த்து, சிரிம் தர முத்திரை பார்த்து, எனக்கென்று எடுத்து வைத்திருந்தது. நான்கு விளக்கும் நிறைந்து எரிந்தன.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. நெரிசல். கைப்பேசியைப் பிடித்து நிற்க இடமில்லை. முத்தம்மா அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, அந்த போன அவரு தோள்கிட்ட வையி. புள்ள செத்த நேரம் அப்பன் பக்கத்துல இருக்கட்டும்" என்றார். மறுக்க முடியுமா? வைத்தேன். பவர் பேங்கை வேட்டி மடிப்புக்குள் செருகினேன். மாலைகள் விழுந்தன. மாலைமேல் மாலை, மலர்மேல் மலர். நான் பந்தல் கம்பை நகர்த்தப் போனேன். நான் எடுத்திருப்பேன் என்று உறவினர்கள் நினைத்தார்கள். அவர்கள் எடுத்திருப்பார்கள் என்று நான் நினைத்தேன். சவப்பெட்டியின் மூடியை மூடிவிட்டார்கள்.

உறுமி மேளம் முழங்கியது. ஊர்வலம் முழுக்க முழங்கியது. மின்சுடலை வாசலில்தான் மேளம் ஓய்ந்தது. உள்ளே பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றினார் அங்கே வேலை செய்யும் கனகராஜ். மகன் இல்லை. "நீயே அமுக்கு தம்பி" என்றார் முத்தம்மா அக்கா. நடுப்பகல். மண்டபத்தில் ஒரு மூச்சு கேட்கவில்லை. விசைமேல் விரலை வைத்தேன்.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"இருட்டா இருக்கு... யாராச்சும் இருக்கீங்களா?"

பத்துமலையின் குரல்! அதே கரகரப்பு, அதே இழுப்பு. கற்பூரத் தட்டு தரையில் உருண்டது. ஆண்கள் ஓடினார்கள். ஆம், ஆண்கள்தான் முதலில் ஓடினார்கள்! என் விரல் விசையிலேயே ஒட்டிக்கிடந்தது. அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. என் வாழ்நாளில் அப்படி நான் பயந்ததில்லை. மறுபடியும் வந்தது குரல். "என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

ஓடாமல் நின்றவர் முத்தம்மா அக்கா ஒருவர்தான். பெட்டிமேல் காதை வைத்தார். "தொறங்க. அது எம் புள்ள, அப்பன் கொரலு அவனுக்கு" என்றார்.

திறந்தோம். மாலைகளை விலக்கினோம். தந்தையின் தோளோரம், திரையில், கண்ணீர் வடிய மகன் முகம். அழைப்பு அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பவர் பேங்கில் மிச்சம் ஒரே ஒரு விளக்கு.

கனகராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அலாமாக், அண்ணே! பேட்டரியோட உள்ள போயிருந்தா வெடிச்சிருக்கும்லா. அடுப்புக் கதவுகிட்ட நிக்கிறவன் நான்தான். எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க அண்ணே" என்றார்.

எண்ணிப் பாருங்கள், பெருமக்களே! அந்த மணல் பொட்டலத்தை நான் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாதி வழியில் கைப்பேசி அணைந்திருக்கும். குரல் எழுந்திருக்காது. விசையை நான் அழுத்தியிருப்பேன். யார் உடல் சிதறியிருக்கும்? யார் பிள்ளைகள் அழுதிருக்கும்? யார் கைக்கு அந்தப் பழி வந்திருக்கும்? இந்தக் கைக்கு! அதனால்தான் சொல்கிறேன். கனத்தைப் பார்க்காதீர்கள், தரத்தைப் பாருங்கள். பளபளப்பைப் பார்க்காதீர்கள், முத்திரையைப் பாருங்கள். உப்பியதை ஒரு நாளும் வீட்டில் வைக்காதீர்கள். பெட்டியை மூடுமுன் உள்ளே கை விட்டுத் தேடுங்கள். நல்ல பொருளை வாங்கியவனும் நான்தான், அதைப் பிணத்தோடு மறந்தவனும் நான்தான் என்று இந்த அவையில் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

தலைவர் ஐயா மணி அடித்துவிட்டார். இன்னும் ஒன்றே ஒன்று, ஐயா. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த தனேஸ்வரன் என் கடைக்கு வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை. "அண்ணே, பெட்டிய மூடுன பெறகு போனுக்குப் பக்கத்துல யாருண்ணே இருந்தா?" என்றான். யாருமில்லை என்றேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே" என்றான். பெட்டிக்குள் யாரப்பா இருக்க முடியும் என்றேன்.

"மொதல்ல மூடுனதே எனக்குத் தெரியலண்ணே. திரை இருட்டாயிடுச்சு, மேளம் மட்டும் தூரத்துல கேட்டுச்சு. அப்பா பக்கத்துலதான் இருக்கேன்னு தெரியும். ஆறு வருசமா சொல்லாததெல்லாம் சொன்னேன். மன்னிச்சிருங்கப்பான்னு சொன்னேன். அப்ப கேட்டுச்சுண்ணே. ரொம்பக் கிட்டக்க, மெதுவா. 'சாப்பிட்டியாடா?'ன்னு."

மேளச் சத்தம் என்று சொல்லியிருக்கலாம். இணைப்புக் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். பேட்டரி விற்கிறவன் நான், அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். நீ என்னப்பா சொன்னாய் என்று மட்டும் கேட்டேன்.

"சாப்பிட்டேன்பான்னு சொன்னேன்ணே" என்றான். பிறகு என் மேசையைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதான். "பொய்ண்ணே. ரெண்டு நாளா நான் பச்சத் தண்ணிகூடக் குடிக்கல. ஆறு வருசம் கழிச்சு எங்கப்பா ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. அவருக்கிட்டப் போயி பொய் சொல்லிட்டேன்."

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. பின்னால் நிற்கும் தம்பிமார்களே, சார்ஜ் ஏறியது போதும். கழற்றி, வீட்டுக்குப் பேசுங்கள். வணக்கம்.