சிம்பான்

பினாங்கில் ஒரு பொருளை ஈரம் படாமல் வைத்திருப்பது பெரிய வேலை. கடல்காற்றில் உப்பு, மழைக்காலத்தில் பூஞ்சை. சட்டை ஹேங்கர்கூடத் துருப்பிடித்துவிடும். அதனால்தான் மாடியில் என் அறைக்கு மட்டும் ஏர்கான் போட்டேன். வீட்டில் வேறு எந்த அறைக்கும் கிடையாது. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். கீழே நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கும் முகம்மது கனி அண்ணன் உங்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது. நான் என் அண்ணன் சுகுமாரனைக் கிடங்கில் போட்டு வைக்கவில்லை. வீட்டிலேயே நல்ல அறையை அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.

அந்த அறையில் நாற்பத்தொரு கேம் பெட்டிகள் இருக்கின்றன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் டிவியில் மாட்டி விளையாடியவை. தாசேக் கெலுகோரிலிருந்தெல்லாம் ஆட்கள் பழுது பார்க்கக் கொண்டுவருவார்கள். உள்ளே கெப்பாசிட்டர் கசிந்தால் செம்புத் தடத்தை அரித்துவிடும். அதை எடுத்து, துடைத்து, புதியது வைக்க வேண்டும். தயாரித்த கம்பெனிக்காரர்களே இவற்றைக் கைகழுவி விட்டார்கள். நான் விடவில்லை. உங்கள் மேசையில் இருக்கும் கணினி இன்னும் ஐந்து வருடத்தில் குப்பைக்குப் போய்விடும். என் பெட்டிகள் அன்றும் ஓடும். இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைக்கவில்லை.

அண்ணனுக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே போகும் நோய். இரண்டு வருடமாக ஆக்சிஜன் மெஷினோடுதான் இருந்தார். அண்ணி ருக்குமணிக்கு பத்து காவான் என்ற ஊரில் ஃபேக்டரி வேலை. காலையில் போனால் ஏழு மணிக்குத்தான் வருவார். பகலில் அண்ணனைக் கழுவி, ஊட்டி, திருப்பிப் படுக்க வைத்தது எல்லாம் நான்தான். அதையும் எழுதுங்கள். கரண்ட் போனால் மெஷின் நிற்கக்கூடாது என்று அண்ணி ஒரு பேட்டரிப் பெட்டி வாங்கி வைத்தார். அரை மணி நேரம் தாங்கும். அதன்மேல் சிவப்புத் தாள் ஒட்டி, 'அவருக்கு மட்டும்' என்று எழுதியிருந்தார். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். ஆனாலும் என்னைப் பார்த்துக்கொண்டேதான் ஒட்டினார்.

இப்போது கேம் பெட்டியில் செருகும் அந்த ஆட்ட கேசட்டைப் பற்றிச் சொல்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்குப் பதின்மூன்று. ஒரு வீரன் காடு மலையெல்லாம் தாண்டிப் போகும் ஆட்டம். வீரனுக்கு நாலெழுத்தில்தான் பெயர் வைக்கலாம். அண்ணன் SUKU என்று வைத்தார். நாற்பத்தேழாவது நிலை வரை போனார். பிறகு வேலைக்குப் போக வேண்டி வந்ததால் அதோடு நின்றுவிட்டது. முப்பத்தைந்து வருடமாக அந்த சுகு கடைசிக் கோட்டை வாசலில் அப்படியே நிற்கிறான். கேசட்டுக்குள் இருக்கும் ஐம்பது காசு அளவு பேட்டரிதான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. அது செத்தால் அவன் அழிந்துவிடுவான்.

பேட்டரியை மாற்றலாம், ஒரே வழிதான். கேசட்டைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் செருகி, கரண்ட் பாயும்போதே பழையதை எடுத்துப் புதியதை ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் பெட்டி அணைந்தால் எல்லாம் போச்சு.

போன செவ்வாய்க்கிழமை பேட்டரியை அளந்து பார்த்தேன். இன்னும் ஒரு வாரம்கூடத் தாங்காது. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு நிற்காத கரண்ட் வேண்டும். அண்ணியின் பேட்டரிப் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்துத் தாங்காது, கத்தும். அதனால் ஆக்சிஜன் மெஷினின் பிளக்கை எடுத்துச் சுவரில் செருகினேன். சுவரிலும் அதே கரண்ட்தானே வருகிறது. பேட்டரிப் பெட்டியில் கேம் பெட்டி, டிவி, பற்றவைக்கும் கோல் மூன்றையும் மாட்டினேன்.

பழைய பேட்டரியைக் கழற்றியதும் இடி விழுந்தது. கீழே கனி அண்ணன் கடையில் காற்றாடிகள் நின்றன. ஏர்கான் நின்றது. ஆக்சிஜன் மெஷின் கூவ ஆரம்பித்தது. டிவியில் மட்டும் சுகு நின்றுகொண்டிருந்தான்.

அப்போது அண்ணன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "சிம்பான்... யுகா... சிம்பான்..."

உங்களுக்கு இது புரிய வேண்டுமென்றால் எங்கள் வீட்டுப் பேச்சு தெரிய வேண்டும். சின்ன வயதில் நாங்கள் ரொம்ப நேரம் விளையாடினால் அம்மா அடுப்படியிலிருந்து, "சிம்பான் பண்ணுங்கடா" என்பார். மலாய்ச் சொல், எடுத்து வையுங்கள் என்று அர்த்தம். அண்ணன் முதலில் ஆட்டத்தைச் சேமிப்பார், பிறகுதான் பெட்டியை எடுத்து வைப்போம். அதனால் எங்கள் இருவருக்கும் சிம்பான் என்றால் சேமிப்பதுதான். அண்ணன் சொன்னார், நான் கோலைக் கையில் எடுத்தேன்.

கனி அண்ணன் மாடிப்படியில் பாதி ஏறி வந்து கதவைத் தட்டினார். "தம்பி, மேல என்னா சத்தம் அது? சுகுவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லண்ணே, மெஷின் சத்தம்லா. நீங்க கடையப் பாருங்க" என்றேன். அது மெஷின் சத்தம்தான். நான் பொய் சொல்லவில்லை.

பதினொரு நிமிடம் ஆனது. அவசரப்பட்டு வைத்த ஈயம் ஒரு வருடம்கூட நிற்காது, நான் அப்படி வேலை செய்கிறவன் இல்லை. அண்ணன் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். திரும்பினால் கை ஆடிவிடும். வேலை முடிந்ததும் கோலை அணைத்து, ஆக்சிஜன் மெஷினைப் பேட்டரிப் பெட்டியிலேயே மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் கரண்டும் வந்துவிட்டது. அண்ணி வந்தபோது மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அவர் அண்ணனின் காலைத் தொட்டுப் பார்த்தார், பிறகு என் மேசையைப் பார்த்தார். அண்ணனைத் தகனம் செய்த அன்று அந்தச் சிவப்புத் தாளைப் பிய்த்து என் மேசைமேல் ஒட்டிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

காலையில் நீங்கள் கேட்டீர்கள்: "அங்கிள், சிம்பான்னா அதை எடுத்து வச்சிட்டு வான்னுதானே சொல்லியிருப்பாரு?" நீங்கள் சின்னப் பெண், ஷர்மினி. எங்கள் வீட்டில் வளரவில்லை. டாக்டர் அண்ணனுக்குக் கொடுத்தது ஆறு மாதம். நான் வைத்த பேட்டரி இருபது வருடம் நிற்கும். இரண்டில் எதைக் காப்பாற்ற முடியுமோ அதைக் காப்பாற்றினேன். நாளைக்கே அப்படி நடந்தாலும் அதையேதான் செய்வேன்.

ஒரு சின்ன விவரம் பாக்கி இருக்கிறது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். என் மேசையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த கேசட் வீட்டில் இருப்பதே தெரியாது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் அதைப் பிள்ளைகள் இல்லத்துக்குக் கொடுத்துவிடு என்றார், கொடுத்துவிட்டேன் என்று சொல்லி வைத்திருந்தேன். அடுத்த மாதம் அவர் பிறந்தநாளுக்குக் காட்டலாம் என்று நினைத்தேன்.

அதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. சிம்பான் என்பதை மட்டும் அப்படியே எழுதுங்கள். வாக்குமூலம் மலாயில்தானே, மொழிபெயர்க்கும் வேலைகூட உங்களுக்கு இல்லை. அண்ணன் சேமிக்கச் சொன்னார், நான் சேமித்தேன்.