ஓராண்டு விதி

மீன் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். சிதம்பரத்தில் எங்கள் தெருவுக்குக் கூடை தூக்கி வந்த செல்லாயிக்கு இது தெரியும். எனக்கென்று நல்ல சங்கராவாக எடுத்துத் தனியே மூடி வைத்திருப்பாள். அப்படிப்பட்டவளுக்கு நான் கெடுதல் நினைப்பேனா? விசாரணை அதிகாரி நீங்கள். யோசிப்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மாவட்டத்தில் யாருக்கெல்லாம் புற்றுநோய் வருகிறது என்று ஊர் ஊராகத் திரட்டிப் பதிவு செய்யும் அலுவலகத்தில் நான் புள்ளியியல் அலுவலர். நாங்கள் வைத்தியம் பார்ப்பதில்லை, எண்ணுவதோடு சரி. கை கறைபடாத உத்தியோகம்.

ஆனால் எண்ணுகிறவனுக்கும் மேலே பரிசோதகர்கள் இருக்கிறார்கள். சதைத்துண்டு எடுத்து, பயாப்சி செய்து, உறுதியான கேஸ்களைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும். வீட்டிலேயே செத்துப்போய், "தொண்டையில கட்டி வந்து போயிட்டாரு" என்று சொந்தக்காரர்கள் சொல்லும் கேஸ்கள் ஜாஸ்தியானால், எங்கள் பதிவு தரமற்றது என்று ஒதுக்கிவிடுவார்கள். உலகப் பதிவுகளை எல்லாம் சேர்த்து அச்சிடும் தொகுப்பில் எங்களுக்கு இடம் கிடைக்காது. பரங்கிப்பேட்டைப் பக்கம் செல்லாயியின் குப்பத்திலிருந்து வந்ததெல்லாம் இந்த ரகம்தான். அங்கே யாருக்கும் ஒழுங்காகச் சாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு சாக வேண்டும் என்ற பொறுப்பே இல்லை.

சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சுனாமி எனக்கு உதவி செய்தது. எங்கள் பதிவில் ஒரு விதி உண்டு. நோயாளி எங்கள் எல்லைக்குள் ஓராண்டாவது குடியிருந்திருக்க வேண்டும். வைத்தியத்துக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்களை விலக்க ஏற்பட்ட விதி. அலைக்குப் பிறகு குப்பத்து ஜனங்கள் தகரக் கொட்டகைக்குப் போனார்கள். மழையில் அது மிதந்ததும் வேறொரு கொட்டகை. பிறகு காலனி வீடு. செல்லாயியின் மாமா பக்கிரி தொண்டைக் கட்டியால் இறந்தபோது, அவர் எந்த இடத்திலும் முழுசாக ஓராண்டு இருந்திருக்கவில்லை. அதனால் அவர் இந்த மாவட்டத்துக்காரரே இல்லை என்று விலக்கினேன். மற்றவர்களையும் அப்படியே.

வீடு வீடாகப் போய்த் தகவல் சேகரிக்கும் ரேகாதான் ஆட்சேபித்தாள்.

"சார், மூணு எடமும் ஒரே மாவட்டத்துலதான சார் இருக்கு? அவுங்க பொறந்ததுலேருந்து இங்கதான் கெடக்கறாங்க."

"விதிய நான் எழுதலம்மா," என்றேன்.

அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் சொன்னாள் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வருடங்களில் குப்பத்தின் கணக்கு பூஜ்யம். எங்கள் பதிவு தொகுப்பில் ஏறியது. எங்கள் அலுவலகத்தின் தலைமை டாக்டர் எனக்குச் சால்வை போர்த்தினார். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

2009இல் சுகாதாரத் துறை, வாய்ப்புற்றைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க ஒரு பஸ்ஸை ஏற்பாடு செய்தது. எந்தெந்த ஊருக்கு அனுப்பலாம் என்று எங்களைக் கேட்டார்கள். ரேகா குப்பத்தை முதலில் போட்டாள். நான் எடுத்துவிட்டேன். பூஜ்யத்தைப் பார்க்கவா அரசாங்கம் டீசல் போடும்? தவிர, பஸ் போய் நாலைந்து பேரைக் கண்டுபிடித்தால், முன்னால் செத்தவர்கள் எங்கே என்று கேட்பார்கள். பஸ் கீரப்பாளையம் பக்கம் போயிற்று.

அதே மாதம்தான் செல்லாயி கூடையை இறக்கிவிட்டு என்னிடம் வாயைத் திறந்து காட்டினாள்.

"சார், நீங்க கேன்சர் ஆபீசுதான? இந்தப் புண்ணு ஆறவே மாட்டேங்குது. காரம் பட்டா உசுரு போவுது. பக்கிரி மாமாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சிது. பஸ்ஸு வருதுன்னாங்களே, எங்க ஊருக்கு எப்ப சார் வரும்?"

கன்னத்தின் உட்புறம், துவரம்பருப்பு அளவு. வெள்ளையாக, ஓரம் சிவந்து. இருபது வருடமாக இதே வேலையில் இருப்பவனுக்கு அது என்னவென்று தெரியும். அந்த அளவில் அறுத்தெடுத்தால் பிழைத்துக்கொள்வாள் என்றும் தெரியும்.

"உங்க ஊர்ல அந்த நோயே கெடையாது செல்லாயி. அதான் பஸ் வரல. வெத்தலய கொற, மாத்திரை போடு, சரியாயிடும்."

அவள் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சத்து மாத்திரையை நானே கடையில் வாங்கிக் கொடுத்தேன். மறுபடி கேட்டபோதும் வாங்கிக் கொடுத்தேன். கன்னம் வீங்கிய பிறகு அவள் தெருவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

2011இல் ரேகாதான் அவளைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பயாப்சி எடுக்க வைத்தாள். அதற்குள் கழுத்துக்கு இறங்கிவிட்டது. போன மாதம் அவள் கதை முடிந்துவிட்டது. ரேகா மனு கொடுத்தாள், நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

தெரிந்தேதான் சொன்னீர்களா என்று கேட்கிறீர்கள். ஆமாம், தெரிந்தேதான் சொன்னேன். "உடனே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கூடவே இதையும் எழுதுங்கள். ரேகா அந்தப் பயாப்சி ரிப்போர்ட்டை என் மேசையில் எறிந்தபோது நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. நானே உட்கார்ந்து செல்லாயியைப் பதிவில் ஏற்றினேன். சதைத்துண்டு இருந்தது, டாக்டர் கையெழுத்து இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் இப்படி ஒழுங்காக வந்திருந்தால், நான் யாரை விலக்கியிருக்கப் போகிறேன்?