நூபியா டீச்சரின் அறையில் வரிசை இல்லை

மேடையில் அமர்ந்திருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, சக ஆசிரியப் பெருமக்களே, உட்கார இடமில்லாமல் ஜன்னலோரம் நிற்கும் காப்பித் தோட்டத்துத் தாய் தந்தையரே! எல் குவாதுவல் பள்ளியின் தலைமையாசிரியன் எர்னான் கிசேனோ உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

புகழ்ந்து பேசத்தான் என்னை அழைத்தீர்கள். எனக்கு அந்தத் தகுதி உண்டா? கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நம்மை விட்டுப் பிரிந்த ஆசிரியை நூபியா அர்போலேதா அவர்கள் இந்த அறையில்தான் பாடம் நடத்தினார். இன்று காலை, கூட்டத்துக்காக நாற்காலிகளை வரிசையாகப் போட்டவன் நான். வாசலில் நின்ற தோட்டத்து ரோஸ்மிரா அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சார், டீச்சர் போய் ஒரு வாரங்கூட ஆகல. அதுக்குள்ள இத உங்க அறையா மாத்திட்டீங்களா?"

நூபியா அவர்களின் அறையில் வரிசை ஏது! ஒரு மூலையில் எழுத்துக் கூட்டும் பிள்ளை, இன்னொரு மூலையில் பின்னம் போடும் பிள்ளை, நடந்துகொண்டே வாய்ப்பாடு சொல்லும் பிள்ளை. முதலில் முடித்தவள் முடிக்காதவனுக்குச் சொல்லிக் கொடுப்பாள். நாம் அதை என்னவென்று சொன்னோம்? சந்தைக்கடை என்றோம்! சொன்னவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். முதலில் சொன்னவன் நான்.

இதோ, கைக்குழந்தையோடு நிற்கிறாளே லெய்தி, அவளுக்கு அப்போது எட்டு வயது. காப்பிப் பறிப்பு முடிந்து, நகமெல்லாம் பழக்கறையோடு பள்ளிக்குத் திரும்பி வந்தாள். நான் வாசலிலேயே மறித்தேன். "புத்தகம் பாதி தாண்டிப் போயிடுச்சும்மா. அடுத்த வருஷம் வா."

பின்னாலிருந்து நூபியா அவர்களின் குரல் வந்தது. "புத்தகம்தானே சார் போச்சு? கூப்பிட்டா திரும்பி வரும். நீ உள்ள வா கண்ணு." அன்றே தோட்டத்துத் தராசை வரவழைத்தார். "எத்தன கிலோ பறிச்சீங்க? வீட்டுல நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு?" அவள் விட்ட இடத்திலிருந்து வகுத்தல் தொடங்கியது.

கைதட்டத் தோன்றுகிறதா? தட்டாதீர்கள்! அதற்குப் பிறகு நான் செய்தது என்ன? ஓரிடத்தில் உட்காராத பிள்ளையா, நூபியா அறைக்கு அனுப்பு. காது மந்தமா, அங்கே அனுப்பு. திக்குகிறானா, அங்கேயே அனுப்பு! என் அறை அமைதியானது. ஒழுங்கான வகுப்பு என்று எனக்குப் பதக்கமும் கிடைத்தது. அவர் அறையோ நிரம்பி வழிந்தது.

போன மாதம் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "ஒரு தடவ என் அறையில வந்து உட்காருங்க சார். எப்படி நடக்குதுன்னு பாருங்க, அது போதும்."

"நேரம் கிடைக்கட்டும் டீச்சர்," என்றேன்.

கிடைத்துவிட்டது, பாருங்கள்! இன்றுதான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதய நோய் என்று மருத்துவர் சொல்கிறார். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இதயத்தின் மேல் சுமையை ஏற்றியவன் நான். வெட்கமாக இருக்கிறது.

பறிப்பு முடிந்து திங்கட்கிழமை பிள்ளைகள் திரும்புகிறார்கள். புது ஆசிரியர் எப்போது வருவார், யாருக்குத் தெரியும்? "அவங்கள யாரு சார் சேத்துக்குவா?" என்றும் கேட்டார் ரோஸ்மிரா அம்மா. நான் சேர்த்துக்கொள்கிறேன், அம்மா. எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரியாது. இந்த அறைக்கு நானும் பிந்தி வந்தவன்தான்.

ஆகவே, பெரியோர்களே, எழுந்து நில்லுங்கள். மௌனம் வேண்டாம், ஒரு வேலை இருக்கிறது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி நாற்காலிகளைத் திருப்பிப் போடுங்கள். லெய்தி, முன்னால் வாம்மா. டீச்சர் உனக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்தாரே, அதை எனக்குச் சொல்லிக் கொடு. மெதுவாகச் சொல். புரியாவிட்டால் மறுபடியும் கேட்பேன். இந்த அறையில் அது குற்றமில்லை.