ஒன்றரைச் சுற்று

— காரை அம்பது மில்லிமீட்டர் எறக்கினா ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டும் சார். உங்க தம்பிகிட்ட தொண்டை வறளப் பேசித்தான் முப்பதுக்குச் சம்மதிக்க வச்சேன்.

— அவன் ஆசைப்பட்டது அம்பதுதானே அண்ணே?

— ஆசைக்கென்ன... தரையோட தரையா போகணும்பான். உனக்கு வேணுங்கறது காரா, பாயான்னு கேட்டேன்.

— அம்பதே போடுங்க. ஸ்பீட் பிரேக்கர் எதுவும் ஏறப்போறதில்லை.

— ஏறாம வீட்டுக்கு எப்படிப் போவீங்க? அவன் ஆர்டர் கொடுத்தது முப்பதுதான். வண்டியை எறக்கற குட்டை ஸ்ப்ரிங் நாலும் அந்தப் பெட்டியில இருக்கு. ஆளைத்தான் ரெண்டு மாசமா காணோம், போனும் எடுக்கலை. இன்னிக்கும் தம்பி துரை வரலையா?

— வரலை... சரி, முப்பதே போடுங்க. எப்ப வந்துச்சு இது?

— அது... வந்து நாளாச்சு. தள்ளி நில்லுங்க, ஜாக்கி போடறேன்... ஓட்டுற பக்கக் கதவு என்ன, புதுசா இருக்கு?

— மாத்தினோம்.

— பெயிண்ட் நல்லா... சார், இங்க வாங்க. எவன் பண்ணின வேலை இது?

— எது?

— ஸ்ப்ரிங்கை வெட்டியிருக்கான். ஒன்றரைச் சுத்து. இரும்பு அறுக்கற கிரைண்டர் வச்ச தடம் அப்படியே இருக்கு பாருங்க.

— வெட்டினாலும் வண்டி எறங்கும்ல?

— எறங்கும். ஆனா ஒரு பள்ளத்துல சக்கரம் தொங்கும்போது நீளம் பத்தாது. ஸ்ப்ரிங் இருக்கிற எடத்தை விட்டு நகந்துடும். அதுவும் வளைவுல நகந்தா...

— நகந்தா?

— வேணாம் சார்.

— சொல்லுங்க அண்ணே. அதைக் கேக்கத்தான் வந்தேன். மழையில வண்டி வழுக்கிக் கவுந்துடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படியும் இருக்கலாம் இல்ல?

— ...தம்பி எங்க சார்?

— வீட்ல. கட்டில்ல. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லை. இனிமே வராதுன்னுட்டாங்க.

— ஐயோ...

— வண்டியை ஜன்னலுக்கு நேரா நிறுத்தணும். படுத்தபடியே பாப்பான். ஸ்ப்ரிங் வந்துச்சான்னு தினமும் கேக்கறான் அண்ணே.

— எந்தப் பட்டறையில வெட்டினாங்க? சொல்லுங்க. அவன் கையை முறிக்கறேன்.

— தானே வெட்டிக்கிட்டதா அம்மாகிட்ட சொல்லிட்டான்.

— அவனா? நான் கிரைண்டரைக் கையில எடுத்தாலே வாசலுக்கு ஓடிடுவான். அவனாவது, வெட்டறதாவது...

— ...நான்தான் வெட்டினேன்.

— சார்...

— சனிக்கிழமை கூட்டாளிங்க எல்லாம் வண்டியோட கிளம்பறாங்க, என்னோடது மட்டும் ஒட்டகம் மாதிரி நிக்கும்னு ஒரே புலம்பல். ஸ்ப்ரிங் இன்னும் வரலையாம். முகத்தைப் பாக்க முடியலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசல்லயே வெட்டிக் கொடுத்தேன். அன்னிக்கு ராத்திரியே ஓட்டிப் பாக்கறேன்னு கிளம்பினான்...

— வெட்டவே கூடாதுன்னு அவன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார்.

— சொன்னான். உங்க பொருளை விக்கறதுக்காகச் சொல்றீங்கன்னு நான்தான் சிரிச்சேன். ஒவ்வொரு தடவை அம்மா எனக்குச் சோறு போடும்போதும் சொல்லிடலாம்னு வாயெடுப்பேன். அவன் கட்டில்ல இருந்தே கண்ணைக் காட்டுவான், சொல்லாதேன்னு...

— உக்காருங்க சார். இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— கொஞ்ச நாள் பொறுத்திருந்தா... அண்ணே, நீங்க எதுக்கு அழறீங்க? பண்ணினவன் நான்.

— ஸ்ப்ரிங் புதன்கிழமையே வந்துடுச்சு சார். போன்ல உயிரை எடுக்கறானே, ரெண்டு நாள் தவிக்கட்டும், சனிக்கிழமை விடிஞ்சதும் கூப்பிட்டு நானே மாட்டிக் கொடுத்து அசத்திடலாம்னு... விளையாட்டா வரலைன்னு சொல்லிட்டேன்.