சூரியனை நெருங்கிய வால் நட்சத்திரம்

"இன்னைக்கு என் ஊட்டுக்காரி பேசுனா, மச்சான்."

தொண்ணூற்றேழு மார்ச்சில் ஒரு காலை. ஆவடியில் மின்சார ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்தவர் கூட வந்த நண்பரிடம் சொன்னார்.

"கொழந்த செத்ததுலேர்ந்து வாயே தொறக்கலியே, அதான் விடியறதுக்கு முன்னாடி எழுப்பி மொட்டமாடிக்கு இட்டுகினு போனேன். வால் நட்சத்திரத்தக் காட்டி, சூரியன் கிட்ட போயினு கீதுன்னேன்."

"தங்கச்சி இன்னா சொல்ச்சு?"

"கிட்ட போனா சுடாதான்னு கேட்டா."

"நீ இன்னா சொன்ன?"

"சுடும், ஆனா சுத்திகினு வெளிய வந்துடும்னு பேப்பர்ல போட்டிருந்தான். அதச் சொன்னேன்."

அம்பத்தூர் வந்ததும் இருவரும் எழுந்தார்கள்.

"அப்பறம்?"

"கீழ வந்து டீ போட்டா. நாளைக்கும் எழுப்பச் சொன்னா."